ஊதா அப்பிரகம்: அதன் குணங்களும் பயன்களும்

கிணறு வெட்டும்போதும், மேட்டு நிலத்தைத் திருத்தும்போதும், பாறை உடைக்கும்போதும் மினுமினுக்கும் கற்கள் வெளிப்படுதல் நாட்டுப்புறத்தார் யாவரும் அறிந்ததே. அவற்றுள் காக்காய்ப்பொன் என்று ஜனங்கள் வழங்கும் அப்பிரகம் மிகவும் சாதாரணமானது. அவ்வினத்தைச் சேர்ந்ததும் ஊதா நிறம் வாய்ந்ததுமான ஓர் அருமையான வகை உண்டு. அதற்கு லெபிடோலைட் என்று பெயர்.

இக்கல்லைப் பற்றி இக்காலத்தில் இருவகைப் பேச்சுக்கள் நடமாடுகின்றன. அழகிய இரத்தினமென்றும், அணிந்தால் மனக்கவலை நீங்குமென்றும் சொல்லி இதை மணியாகவும் பதக்கமாகவும் விற்பவர் ஒரு சாரார். மின்சார வண்டிகளுக்கு வேண்டிய லிதியம் என்னும் உலோகம் இதில் அடங்கியிருப்பதால் இது பெருஞ்செல்வம் என்று கூறுவோர் மற்றொரு சாரார். இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து கேட்ட ஒருவர், கையளவு கல்லுக்கும் பெருந்தொகை கிடைக்குமென்றெண்ணிக் கடன்பட்டு வாங்கவோ, விளைநிலத்தைத் தோண்டவோ முற்படலாம். நாணய சங்கத்தின் பணம் அங்கத்தினர் பலருடைய சிறு சேமிப்பு. ஒருவருடைய மயக்கத்தால் அது வீணாகுமாயின் நஷ்டம் அனைவரையும் சாரும். ஆதலால் இக்கல்லின் உண்மைக் குணம் யாது, உண்மைப் பயன் யாது என்பவற்றை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

1. கல்லின் இயல்பு

அப்பிரகங்கள் யாவும் ஏடு ஏடாகப் பிரியுந் தன்மையுடையன. ஒரு புத்தகத்தின் தாள்களைப் பிரிப்பதுபோல, ஊசிமுனையால் அவற்றை மெல்லிய தகடுகளாகப் பிரிக்கலாம். லெபிடோலைட்டும் அவ்வாறே பிரியும். அதனோடு, அதன் தகட்டைச் சிறிது வளைத்து விட்டால் மீண்டும் நிமிர்ந்து தன் பழைய நிலையை அடையும்.

மணற்சத்து, அலுமினியம், பொட்டாசியம், லிதியம், புளோரின் ஆகியவை சேர்ந்து இது உண்டாகின்றது. பூமியினுள் உருகிய பாறைக் குழம்பு மெல்லக் குளிரும்போது, கடைசியாக எஞ்சி நிற்கும் திரவத்தில் லிதியம் போன்ற அருந்தனிமங்கள் திரண்டு சேர்கின்றன. அத்திரவம் இறுகிய பாறை நரம்புகளிலும் சிலவகைக் கருங்கற்பாறைகளிலும் இது காணப்படும். வெண்கல், களிக்கல் என்னும் சாதாரணக் கற்களோடு, சிவப்பும் பச்சையுமான டூர்மலின் கற்களும் இதன் அருகே கிடைப்பதுண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள பாலா என்னும் ஊர்ப்புறச் சுரங்கங்களும், பிரேசில் நாட்டில் மினாஸ் ஜெராயிஸ் பிரதேசமும் இதற்குப் பெயர் பெற்றவை. நம் தேசத்தில் பீகார், ஜார்க்கண்ட் எல்லையிலுள்ள அப்பிரக வட்டாரத்திலும், சத்தீஸ்கரைச் சேர்ந்த பஸ்தர் பகுதியிலும் இது கண்டெடுக்கப்பட்டுள்ளது.

முக்கியமாகக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. இதன் ஊதா நிறத்திற்குக் காரணம் லிதியமன்று. சிறிதளவு கலந்துள்ள மாங்கனீசு. சாம்பல் நிறமாகவும், வெண்மையாகவும், சற்று மஞ்சளாகவும் உள்ள லெபிடோலைட்டும் உண்டு. ஆகையால் நிறம் ஆழ்ந்திருந்தால் லிதியமும் மிகுந்திருக்கும் என்று நினைப்பது தவறாகும்.

2. பெயரும் வரலாறும்

இப்போது செக் நாட்டைச் சேர்ந்துள்ள மொராவியா பிரதேசத்தில் ரோஷ்னா என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள குன்றிற் கிடைத்த இக்கல் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய அறிஞரின் கவனத்தைக் கவர்ந்தது. முதலில் அதன் நிறத்தைக் குறித்து லிலாலைட் என்று பெயரிட்டனர். 1792-ம் ஆண்டில் ஜெர்மானிய இரசாயன அறிஞர் கிளாப்ரோத் என்பவர், செதில் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு லெபிடோலைட் என்று பெயர் மாற்றினார். மீனின் செதில்களை அடுக்கினாற்போல் தோன்றும் கல்லுக்கு அப்பெயர் பொருத்தமுடையதே.

அக்காலத்தில் இதனுள் லிதியம் இருப்பதை ஒருவரும் அறியார். 1817-ம் ஆண்டில் சுவீடன் தேசத்து ஆர்ப்வெட்சன் என்பவர் வேறொரு கல்லில் லிதியத்தைக் கண்டறிந்தார்; பின்னர் இக்கல்லிலும் அது இருப்பது புலப்பட்டது. 1861-ம் ஆண்டில் ஜெர்மனியில் புன்சன், கிர்க்காப் என்னும் இருவர் 150 கிலோ லெபிடோலைட்டைப் பக்குவப்படுத்தி, ருபீடியம் என்ற புதிய உலோகம் இதில் இருப்பதைக் கண்டனர். இக்கல்லின் உள்ளடக்கத்தைக் கண்ணாற் கண்டவர் எவருமில்லை. பக்குவமான சோதனையால் அறிந்தவரே உண்டு.

3. கண்டறியும் முறை

ஊதா நிறக் கற்கள் பலவுள. செவ்வந்திக்கல், புளோரைட், வர்ணக் கண்ணாடி ஆகியவற்றை லெபிடோலைட் என்று எண்ணி ஏமாறுதல் எளிது. கீழ்க்கண்ட சோதனைகளைச் சாதாரணக் கருவிகளைக் கொண்டே செய்யலாம்.

முதலாவது, கடினச் சோதனை. லெபிடோலைட் மிருதுவானது. கடினத்தை 1 முதல் 10 வரை வகுக்கும் அளவில் இது ஏறக்குறைய 2½ முதல் 3½ வரை நிற்கும். பேனாக் கத்தியின் முனையால் இதை எளிதிற் கீறலாம். செவ்வந்திக்கல்லின் கடினம் 7. கத்தி அதைக் கீறாது, அது கண்ணாடியையே கீறிவிடும். புளோரைட்டின் கடினம் 4; அதையும் கத்தி கீறுமாயினும், அது தகடுகளாகப் பிரியாது.

இரண்டாவது, தகட்டுச் சோதனை. கல்லின் ஓரத்தை ஊசியால் நெம்பிப் பார்க்க வேண்டும். செதில் பெயர்ந்து, வளைத்தபின் தானே நிமிருமாயின் அது அப்பிரக இனம். வளைந்தபடியே நின்றுவிட்டால் வேறு கல்.

மூன்றாவது, நீர்நிறைச் சோதனை. கல்லை முதலில் தராசில் நிறுக்க வேண்டும். பின்னர் நூலாற் கட்டித் தராசிலிருந்து தொங்கவிட்டு, பாத்திரத்திலுள்ள நீரில் முழுவதும் அமிழ்ந்து அடியைத் தொடாதிருக்கும்படி வைத்து மீண்டும் நிறுக்க வேண்டும். முதல் நிறையை, நீரிற் குறைந்த நிறையால் வகுத்தால் வருவது ஒப்படர்த்தி. காற்றில் 100 கிராம் நிற்கும் கல் நீரில் 65 கிராம் நிற்குமாயின், குறைந்தது 35 கிராம். 100-ஐ 35-ஆல் வகுக்க 2.86 வரும். லெபிடோலைட்டுக்கு இது 2.8 முதல் 2.9 வரை இருக்கும். செவ்வந்திக்கல்லுக்கு 2.65, புளோரைட்டுக்கு 3.18. வேறு கல் கலந்திருந்தால் கணக்கு மாறுமாதலால், கலப்பில்லாத துண்டையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, சுடர்ச் சோதனை. இதன் சிறு செதிலைத் தட்டாரின் ஊதுகுழற் சுவாலையிற் காட்டினால் அது எளிதில் உருகிச் சுடரைச் செஞ்சாந்து நிறமாக மாற்றும். அது லிதியத்தின் அறிகுறி. ஆயினும் ஸ்ட்ரான்ஷியம் என்னும் தனிமமும் சிவந்த சுடரைத் தருமாதலால், இதை மட்டும் கொண்டு தீர்மானித்தல் கூடாது. மேலும், கல்லிலுள்ள புளோரின் சூட்டினால் தீய ஆவியாக வெளிப்படக்கூடும். பழகினவரே, திறந்த வெளியில், அணுவளவு துண்டைக் கொண்டு இதைச் செய்யத்தக்கது.

இந்நான்கும் கல்லின் இனத்தை ஊகிக்க உதவுமேயன்றி, அதிலுள்ள லிதியத்தின் அளவை அறிவிக்கமாட்டா. அதற்கு இரசாயனச் சாலைப் பரீட்சையே வேண்டும்.

4. ஆபரணத்திற்கு உபயோகம்

வைரம், மாணிக்கம் முதலியவற்றின் வரிசையில் லெபிடோலைட் சேராது. உபரத்தினங்களுள்ளும் மிக மெல்லியதே. பெருந் தகடுகளாக உள்ளது பட்டை தீட்டுதற்கு உதவாது. தொட்டவுடன் ஏடு பெயரும். நுண்ணிய செதில்கள் நெருங்கி இறுகிய கட்டிகளே வேலைக்கு ஏற்றவை. அவற்றை வழவழப்பான குமிழ்க் கற்களாகவும், மணிகளாகவும், சிறு கிண்ணங்களாகவும், பதுமைகளாகவும் கடைகின்றனர். உதிராதிருக்கும்பொருட்டுப் பிசின் ஊட்டுவதும் உண்டு. அவ்வாறு ஊட்டியிருந்தால் விற்பவர் அதை மறையாது சொல்லுதல் வேண்டும்.

இது மோதிரத்திற்கு ஏற்றதன்று. பாத்திரம் துலக்குதல், மண் வேலை செய்தல் ஆகியவற்றாற் சில நாட்களிலேயே கீறல் விழுந்து மெருகு போய்விடும். பதக்கத்திற்கும் காதணிக்கும் ஓரளவு தகும். புளியிட்டுத் துலக்குதலும், வெந்நீரில் இடுதலும் கூடா. ஈரத்துணியால் மெல்லத் துடைத்தாற் போதும்.

கல் அறுத்துக் கடையும் தொழிலாளர், இதனோடு வெண்கல்லும் கலந்திருப்பதை மறத்தல் கூடாது. அதன் தூசி மூச்சில் ஏறினால் நுரையீரலை நாளடைவில் கெடுக்கும். கல்லை நீர் விட்டுக்கொண்டே அறுப்பதும், மூக்கையும் வாயையும் தக்க கவசத்தால் மூடிக்கொள்வதும் அவசியம்.

5. லிதியத்தின் கணக்கு

இக்கல்லின் மெய்யான மதிப்பு தொழிற்சாலையிலேயே உள்ளது. கண்ணாடியும் பீங்கானும் செய்வோர் இதைக் கலவையிற் சேர்ப்பதுண்டு. அதனால் கலவை குறைந்த சூட்டில் உருகும். செய்த பொருளும் சூட்டில் அதிகம் விரியாமல் வெடிப்பின்றி நிற்கும். லிதியத்தைப் பிரித்தெடுத்தால் அது உயவுப்பசைக்கும், மின்கலங்களுக்கும் உதவும். கைப்பேசி முதல் மின்சார வண்டி வரையில் இக்காலத்து மின்கலங்களிற் பெரும்பாலானவை லிதியத்தைக் கொண்டவை.

பிரிக்கும் வழி சுருக்கமாக இது: பாறையை உடைத்து அரைத்து, அப்பிரகத்தை மட்டும் பிரித்து, கந்தக உப்புக்களோடு சேர்த்து உலையில் வறுத்து, நீரிற் கரைத்து வடித்து, அந்நீரில் சோடா உப்பைச் சேர்த்தால் லிதியம் கார்பனேட் வெண்பொடியாகப் படியும். இப்பொடியே சந்தையில் விலைபோகும் சரக்கு.

இனிக் கணக்கைப் பார்ப்போம். சுத்தமான லெபிடோலைட்டில் நூற்றுக்கு 4 பங்கு லிதியம் ஆக்சைடு இருப்பதாகக் கொள்வோம். ஒரு கிலோ கல்லில் 40 கிராம். அதிலிருந்து, சிறிதும் சேதமின்றி எடுத்தாலும், கிடைக்கக்கூடிய கார்பனேட் ஏறக்குறைய 100 கிராம். 2022 நவம்பரில் சீனச் சந்தையில் லிதியம் கார்பனேட் விலை உச்சத்தை அடைந்து, டன் ஒன்றுக்குச் சுமார் 6 இலட்சம் யுவான் விற்றது. அந்த விலையிலும் நம் ஒரு கிலோ கல்லின் சரக்கு 60 யுவான், அதாவது அக்காலத்து மாற்று விகிதத்திற் சுமார் 700 ரூபாய். 2023 இறுதியில் விலை டன்னுக்கு ஏறக்குறைய 1 இலட்சம் யுவானாக இறங்கிவிட்டது. அப்போது அதே சரக்கு 10 யுவான், சுமார் 120 ரூபாய். உடைத்தல், அரைத்தல், வறுத்தல், கூலி, எரிபொருள் ஆகிய செலவுகள் இதிற் கழிக்கப்படவில்லை.

பாறை முழுவதும் சுத்தமான அப்பிரகமாயிருப்பதுமில்லை. நூற்றுக்கு அரைப் பங்கு லிதியம் ஆக்சைடு உள்ள பாறையாயின், ஒரு டன்னில் 5 கிலோவே இருக்கும். அதிலிருந்து வரக்கூடியது 12 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கார்பனேட். ஒரு டன் கார்பனேட் வேண்டுமாயின் 80 டன்னுக்கு மேற்பட்ட பாறையை அரைக்க வேண்டும். சேதாரத்தையும் சேர்த்தால் இன்னும் அதிகம். மலையளவு பாறையும், பெரு முதலும், பெரிய உலைகளும் உள்ள இடத்திலேதான் இத்தொழில் கட்டும். கூடையளவு கல் ஒருவரையும் செல்வராக்காது.

6. யிச்சுன் நகரத்தின் அனுபவம்

சீன தேசத்து ஜியாங்சி மாகாணத்திலுள்ள யிச்சுன் நகரம் இக்கல்லுக்கு மிகவும் பேர்போனது. டாண்டலம் முதலிய உலோகங்களுக்காகத் தோண்டிய பாறையில் உபபொருளாகக் கிடைத்த லெபிடோலைட், முன்னர்ப் பீங்கான் தொழிலுக்கு அனுப்பப்பட்டு வந்தது. மின்கலத் தொழில் பெருகவே அது லிதியத்தின் மூலப்பொருளாயிற்று. ஆலைகள் பல எழுந்தன; தொழிலும் வருமானமும் பெருகின.

உடன் வந்த தொல்லைகளும் உண்டு. 2022 நவம்பரில் அப்பிரதேசத்து ஜின் ஆற்றின் நீரில் கேடு காணப்பட்டதால், காரணம் ஆராயும்பொருட்டுச் சில லிதிய ஆலைகள் வேலையை நிறுத்த நேர்ந்தது. விலையேற்றத்தைக் கண்டு உரிமம் இல்லாதவர்களும் மலையைத் தோண்டத் தொடங்கினமையால், 2023 பிப்ரவரியில் சர்க்கார் அதிகாரிகள் வந்து சுரங்கங்களைச் சோதனையிட்டனர். முன் கூறியபடி, விலையும் சரிந்தது. விலை உயர்ந்திருந்த நாளில் வாங்கிய கடனுக்கு, விலை தாழ்ந்த நாளிலும் வட்டி குறைவதில்லை என்பதை நாணய சங்கத்தார் எளிதில் உணர்வர்.

நம் தேசத்திலும் ஓர் உதாரணமுண்டு. 2023 பிப்ரவரியில் ஜம்மு பிரதேசத்து ரியாசி ஜில்லாவில் 59 இலட்சம் டன் லிதியத் தாது இருக்கலாமென்று மதிப்பிட்டு அறிவித்தனர். அது அப்பிரகத்தில் உள்ளதன்று. வேறு வகை மண்ணிலுள்ளது. தேசமெங்கும் ஆரவாரம் எழுந்தது. ஆயினும் அந்நிலப்பகுதி ஏலத்திற்கு வந்தபோது போதிய ஏலதாரர் முன்வராமையால், 2024-ம் ஆண்டில் ஏலம் இரத்துச் செய்யப்பட்டது. பூமியில் இருப்பது ஒன்று. இலாபத்தோடு எடுக்க முடிவது வேறொன்று.

7. வைத்தியப் பேச்சு

லிதிய உப்புக்கள் மருந்தாகப் பயன்படுவது உண்மை. 1949-ம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்த ஜான் கேட் என்னும் வைத்தியர், சித்தம் மிகக் கிளர்ந்தெழும் நோய்க்கு அவை குணந்தருவதை வெளியிட்டார். இன்றும் அம்மருந்து வழங்குகின்றது. ஆனால் அளவு சிறிது மிகுந்தாலும் அது நஞ்சாகும். ஆகையால் வைத்தியர்கள் அடிக்கடி இரத்தத்தைச் சோதித்தே அதைக் கொடுக்கின்றனர்.

இதைக் காரணங்காட்டி, லெபிடோலைட்டை அணிந்தால் மனம் அமைதியுறும் என்று சொல்லி விற்பது பொருந்தாது. கல்லினுள் லிதியம் இறுகப் பிணிக்கப்பட்டுள்ளது. அதைப் பிரிக்க உலையும் உப்பும் வேண்டுமென்று முன்னரே கண்டோம். தோலின்மேற் பட்ட மாத்திரத்தில் அது உடலிற் சேராது. கல்லை ஊறவைத்த நீரைப் பருகுவதும், பொடித்து உண்பதும் ஒருகாலும் கூடா. மனநோய் உற்றவரை இக்கல்லை நம்பி வீட்டில் வைத்திருந்து, வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் காலத்தைத் தவற விடுவது பணநஷ்டத்தினும் பெரிய நஷ்டமாகும்.

சித்த வைத்தியத்தில் அப்பிரகச் செந்தூரம் உண்டே என்று சிலர் கேட்கலாம். பழைய நூல்கள் அப்பிரகத்தை வெண்மை, செம்மை, பொன்மை, கருமை என நால்வகையாக்கி, கருமையானதையே மருந்துக்குச் சிறந்ததாகக் கொள்ளும். ஊதா அப்பிரகம் அவற்றுள் ஒன்றன்று. அதற்கு இதைப் பிரதியாக உபயோகித்தல் தகாது.

8. சங்கத்தார் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஊதாக் கல் எதுவாயினும் அதை ஈடாகக்கொண்டு கடன் வழங்குதல் கூடாது. நகையில் இக்கல் பதித்திருந்தால், கல்லின் நிறையைக் கழித்துப் பொன்னின் மதிப்பை மட்டுமே கணக்கிடல் வேண்டும்.

இரண்டாவதாக, அங்கத்தினர் எவரேனும் தம் நிலத்தில் இத்தகைய கல்லைக் கண்டால், கண்ட இடத்தையும் ஆழத்தையும் குறித்து வைத்து, சிறு மாதிரியை எடுத்து, ஜில்லாவிலுள்ள கனிமத்துறை அலுவலகத்திற் காட்டுவதே முறை. வழியே வரும் தரகரிடம் காட்டி, அவர் சொல்லும் விலையை நம்பி முன்பணம் கொடுத்தலும் பத்திரம் எழுதித் தருதலும் கேடு.

மூன்றாவதாக, பட்டா நிலமேயாயினும் உரிமம் பெறாமற் கனிமம் தோண்டுதல் 1957-ம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்படி குற்றமாகும். லிதியம் கொண்ட கனிமங்கள் முன்னர் அணுசக்திக் கனிமங்களின் பட்டியலில் இருந்தன. 2023-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி அவை முக்கியக் கனிமங்களின் பட்டியலுக்கு மாற்றப்பட்டன. அவற்றிற்குரிய குத்தகையை மத்திய சர்க்காரே ஏலத்தின் வாயிலாக நடத்துகின்றது.

நான்காவதாக, எங்கேனும் சட்டப்படி சுரங்கம் வருமாயின், அக்கிராமத்துச் சங்கத்தார் கேட்க வேண்டிய முதற்கேள்வி விலையைப் பற்றியதன்று. அரைத்த பாறைத் தூள் எங்கே குவிக்கப்படும், கழிவுநீர் எந்த ஓடையிற் சேரும், கிணற்று நீரை யார் எப்போது சோதிப்பர் என்பனவே முதற்கேள்விகள். சுரங்கத்தின் ஆயுள் சில பத்தாண்டுகள். கிணறும் வயலும் பேரன்மார் காலத்திற்கும் வேண்டியவை.

மாதக் கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

(அ) ஊதா நிறத்தின் ஆழத்தைக் கொண்டு லிதியத்தின் அளவை ஏன் அறிய இயலாது?

(ஆ) காற்றில் 80 கிராமும் நீரில் 50 கிராமும் நிற்கும் ஊதாக் கல் லெபிடோலைட் ஆகுமா? கணக்கிட்டுக் கூறுக.

(இ) நூற்றுக்கு அரைப் பங்கு லிதியம் ஆக்சைடு உள்ள 10 டன் பாறையிலிருந்து, சேதாரமின்றி எவ்வளவு கார்பனேட் கிடைக்கும்?

(ஈ) யிச்சுன் நகரத்தின் அனுபவத்திலிருந்து, கடன் வழங்கும் சங்கம் அறிய வேண்டியது யாது?

(உ) நம் கிராமத்தில் ஒருவர் புதிய கல்லைக் கண்டெடுத்தால், முதல் ஒரு வாரத்தில் அவர் செய்யத்தக்கவையும் தகாதவையும் யாவை?